அசெம்பிளி முடியட்டும் சார்

ஞாயிற்றுக்கிழமை பகுதி சபையில், அதாவது எங்கள் வார்டு மக்கள் குறை சொல்லும் கூட்டத்தில், மாநகராட்சிப் பொறியாளரிடம் நான் கத்திய வீடியோவுக்கு நிறைய பேர் சிரிப்பு முகம் போட்டிருக்கிறீர்கள். நான் கத்தியது சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். சரி, சிரியுங்கள். ஆனால் அந்தப் பொறியாளர் சொன்னதை இன்னொரு முறை கேளுங்கள்: "அசெம்பிளி நடக்குது சார். மானியக் கோரிக்கை முடியட்டும், பார்ப்போம்." அதாவது சட்டசபையில் துறை துறையாகச் செலவுப் பணத்துக்கு ஒப்புதல் வாங்கி முடிக்கும்வரை காத்திரு என்று. நான் மேம்பாலமா கேட்டேன்? சாக்கடைக்கு மூடி. நாலே நாலு மூடி.

சாக்கடை மூடிக்கும் சட்டசபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சம்பந்தம் இருக்கிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். சபை கூடினால் பாதி அலுவலகம் கேள்விகளுக்குப் பதிலும் புள்ளிவிவரமும் தயாரிக்க உட்கார்ந்துவிடுகிறது. அமைச்சர் எந்த ஊருக்கு எதை அறிவிப்பார் என்று பார்த்துக்கொண்டே கோப்புகள் தூங்குகின்றன. அறிவித்துவிட்டால் அப்புறம் அது ஒன்றுதான் வேலை. போன முறை எங்களுக்குப் பூங்கா வந்தது. யாரும் கேட்கவில்லை. கட்டுகிற காசு கோட்டையிலிருந்து வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காவலுக்கு ஆள் போடுவதும் எங்கள் வரியில்.

வரி என்றதும் ஞாபகம் வருகிறது. 2022 பிப்ரவரியில் தேர்தல். மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஏப்ரல் பிறக்கும்போதே சொத்து வரி உயர்வு, கோட்டையிலிருந்து. எங்களைப் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேல் போனால் 100. மத்திய நிதிக்குழுவின் நிபந்தனை என்றார்கள். பொய்யில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் திட்டு வாங்கியது யார்? நாற்காலி சூடேறாத கவுன்சிலரம்மா.

"மாநில அரசு பணம் தராவிட்டால் உங்கள் மாநகராட்சி பல்புகூட மாற்றாது" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது தானம் இல்லை ஐயா. அரசியலமைப்பே சொல்கிற மாநில நிதி ஆணையம் பரிந்துரைத்துப் பிரித்துத் தருகிற பங்கு. மகனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று கும்பிடு போடச் சொல்லலாமா?

மேயரை மக்கள் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்களா என்பதையும் சட்டசபைதான் முடிவு செய்கிறது. 2006ல் கவுன்சிலர்கள், 2011ல் மக்கள், 2022ல் மறுபடி கவுன்சிலர்கள். நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

"இந்த ஆட்சியில்தான் உனக்குக் கண் தெரியுதா?" என்பவர்களுக்கு: 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அந்த வருடங்களில் சபை கூடாமலா இருந்தது? கூடியது, அறிவித்தது, கலைந்தது. 2018 ஐப்பசி மழையில் அப்பா பால் வாங்கப் போனார். தண்ணீருக்கடியில் குழி தெரியவில்லை. இடுப்பெலும்பு. மனு கொடுக்கப் போனேன். யாரிடம் கொடுப்பது என்று அங்கே இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அதற்கப்புறம் அப்பா கைத்தடி இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. நான் கேட்ட நாலு மூடியில் முதலாவது அந்தக் குழிக்கு.

"அண்ணா, தேர்தல் நேரத்தில் இப்படி எழுதாதீங்க, எதிர்க்கட்சிக்குத்தான் லாபம்" என்று இன்பாக்ஸில் அன்பாகச் சொன்ன தம்பி, அப்பாவின் எக்ஸ்ரே பீரோவில்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். அதில் எந்தக் கட்சி தெரிகிறது என்று பார்த்துச் சொல்.