கலிபோர்னியாவில் அபராதம் இன்னும் இருக்கிறது

"2019 முதல் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது, வேலை மாறும்போது தைரியமாக விட்டுவிடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி யாரும் காப்பீட்டைக் கைவிட வேண்டாம். 2017-இல் வந்த வரிச் சட்டம் பூஜ்யமாக்கியது மத்திய அரசின் அபராதத்தை மட்டுமே. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், தலைநகர் வாஷிங்டன் ஆகியவற்றில் மாநில அளவிலான அபராதம் தனியாக இருக்கிறது. நம்மவர்கள் அதிகம் வாழும் சான் ஹோசேவும் (கலிபோர்னியா) எடிசனும் (நியூ ஜெர்சி) இந்தப் பட்டியலுக்குள்தான் வருகின்றன.

கலிபோர்னியாவில் 2023-ஆம் ஆண்டு முழுவதும் காப்பீடு இல்லாதிருந்தால், பெரியவருக்குக் குறைந்தது 900 டாலர், குழந்தைக்கு 450. தம்பதியும் இரு பிள்ளைகளும் என்றால் 2,700. இது கீழ்வரம்புதான். வரித்தாக்கல் வரம்புக்கு (எவ்வளவு வருமானம் வந்தால் வரிக்கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமோ அந்த அளவுக்கு) மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம் இதைவிடக் கூடுதலாக வந்தால் அதைத்தான் கட்ட வேண்டும். நல்ல சம்பளக்காரர்களுக்கு வலிப்பது இங்கேதான்.

விலக்குகளும் உண்டு: தொடர்ந்து மூன்று மாதம் வரையிலான இடைவெளி, வருமானத்துக்குக் கட்டுப்படியாகாத பிரீமியம், கடும் இடர்ப்பாடு, மத நம்பிக்கை போன்றவை. ஆனால் இடைவெளி நான்காவது மாதத்தைத் தொட்டால், முதல் மூன்று மாதங்களுக்கும் அந்தச் சலுகை போய்விடும். வேலை போனவர்கள் 60 நாட்களுக்குள் மாநிலத்தின் காப்பீட்டுச் சந்தையான கவர்டு கலிபோர்னியாவில் விண்ணப்பித்துவிடுங்கள்.