அந்தப் பெண்மணி கேட்டது இன்சுலின் விலை

இன்று காலை ஏழு மணிக்கு என் கைபேசிக்கு ஒரு பாம்புப் படம் வந்தது. ஒரு சொல்கூட இல்லாமல், பச்சை நிறத்தில், நாக்கை நீட்டியபடி ஒரே ஒரு பாம்பு. அனுப்பியவர் முகம் தெரியாத யாரோ அல்லர். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் அண்ணா என்று அழைக்கும் மனிதர். என் மகள் சைக்கிள் பழகியபோது பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர். அவர் பெர்னி சாண்டர்ஸ் அணி, நான் எலிசபெத் வாரன் அணி; இருவரும் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகப் போட்டியிடும் செனட்டர்கள். நேற்று, 2020 பிப்ரவரி 3 அன்று, அயோவா மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டத்தில் எங்கள் வார்டில் என் அணி கலைந்து போனது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்.

அந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்று இங்கிருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 14 அன்று அயோவாவின் தலைநகரான இதே டெ மாய்னில், டிரேக் பல்கலைக்கழக மேடையில் விவாதம் முடிந்ததும் சாண்டர்ஸ் நீட்டிய கையை வாரன் பற்றவில்லை. ஒரு பெண்ணால் வெல்ல முடியாது என்று 2018-இல் தனியே பேசியபோது சாண்டர்ஸ் சொன்னதாக வாரன் சொல்கிறார். சொல்லவே இல்லை என்று சாண்டர்ஸ் மறுக்கிறார். அந்த அறையில் இருந்தவர்கள் அந்த இருவர் மட்டுமே. ஆனால் அங்கே இல்லாத ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரங்களாக அதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சாண்டர்ஸ் தரப்பு வாரனைப் பாம்பு என்கிறது, வாரன் தரப்பு சாண்டர்ஸைப் பெண் வெறுப்பாளர் என்கிறது, அதற்கு அப்பால் ஒரு வாக்கியமும் நகரவில்லை.

இத்தனைக்கும் இந்த இருவருக்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு? இருவரும் பெருஞ்செல்வர்கள் மீது சொத்து வரி வேண்டும் என்கிறார்கள். வாரனின் வரி 5 கோடி டாலருக்கு மேல் தொடங்குகிறது, சாண்டர்ஸின் வரி 3.2 கோடி டாலருக்கு மேல் தொடங்குகிறது. இருவரும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர் என்கிறார்கள். மாணவர் கடனை ஒருவர் முழுவதுமாகத் தள்ளுபடி செய்வேன் என்கிறார், மற்றவர் வருமானத்தைப் பொறுத்து 50,000 டாலர் வரை என்கிறார். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்ற சாண்டர்ஸின் 2017 மசோதாவில் வாரனும் கையெழுத்திட்டிருக்கிறார். உடனே கொண்டுவருவதா, இரண்டு படிகளாகக் கொண்டுவருவதா என்பதில்தான் வேறுபாடு. என் வீட்டிலும் அந்த அண்ணன் வீட்டிலும் 3.2 கோடி டாலரும் இல்லை, 5 கோடி டாலரும் இல்லை. அந்த இடைவெளிக்காக நாங்கள் பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தை முறித்துக்கொள்ள வேண்டுமா?

நேற்றிரவு நடந்ததை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இரவு முழுவதும் அது என் கண்ணிலிருந்து அகலவில்லை.

நான் 2001-இல் இந்த நாட்டுக்கு வந்தேன். 2008-இல் ஒபாமாவும் ஹிலாரியும் மோதிக்கொண்ட ஆண்டில் விசாவில் இருந்தேன். 2016-இல் பச்சை அட்டையில் இருந்தேன். இரண்டு முறையும் அக்கம்பக்கத்தார் காக்கஸுக்குக் கிளம்பிப் போனதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். 2018-இல்தான் குடியுரிமை கிடைத்தது. என் மகளுக்கு வயது பதினேழு. நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு நிறைந்துவிடும் என்பதால் அயோவா விதிப்படி அவளும் காக்கஸில் கலந்துகொள்ளலாம். ஆகவே நேற்று தாயும் மகளும் எங்கள் வாழ்நாளின் முதல் வாக்கை ஒரே இடத்தில் அளிக்கப் போனோம். அவள் காலையிலேயே எந்தச் சட்டையைப் போடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் 212 பேர் கூடியிருந்தோம். இந்த 2020 காக்கஸில் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுவிட்டு வீடு திரும்ப முடியாது. உங்கள் வேட்பாளரின் பெயர்ப் பலகைக்குக் கீழே அக்கம்பக்கத்தார் அனைவரும் பார்க்கும்படி போய் நிற்க வேண்டும், தலைகளை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேராவது சேராத அணி செல்லாது, அந்த அணியினர் வேறு அணிக்குப் போகலாம். எங்கள் கூடத்தில் அந்தக் கோடு 32. முதல் எண்ணிக்கையில் புட்டிஜெஜுக்கு 61, சாண்டர்ஸுக்கு 58, பைடனுக்கு 35. வாரனுக்கு 29. குளோபஷருக்கு 18, ஆண்ட்ரூ யாங்குக்கு 9, ஸ்டையருக்கு 2. மூன்று பேர் கிடைத்தால் நாங்கள் நிலைத்துவிடுவோம். அடுத்த சுற்றுக்குப் பதினைந்து நிமிடம் என்று கூட்டத் தலைவர் அறிவித்தார்.

யாங் அணி ஒன்பது பேருடன் நிலைக்க முடியாது என்பதால் அவர்கள் பிரியத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு குடும்பம் எங்கள் பக்கமாக நடந்து வந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி, அவருடைய மகன், மருமகள். சரியாக மூன்று பேர். அந்தப் பெண்மணி எங்கள் அணியின் பொறுப்பாளரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எனக்குச் சர்க்கரை நோய். உங்கள் வேட்பாளர் வந்தால் இன்சுலின் எவ்வளவுக்குக் கிடைக்கும்?"

இதைவிட நேரான, இதைவிட நேர்மையான ஒரு கேள்வியை ஒரு வாக்காளர் கேட்க முடியுமா?

எங்கள் பொறுப்பாளர் வாய் திறப்பதற்குள் சாண்டர்ஸ் அணியிலிருந்து சிவப்புத் தொப்பியுள்ள குளிர்க்கோட்டு அணிந்த ஓர் இளைஞர் குறுக்கே வந்தார். "வாரனை நம்பாதீர்கள், 1996 வரை குடியரசுக் கட்சியில் இருந்தவர்" என்று ஆரம்பித்தார். எங்கள் பொறுப்பாளர் அந்தப் பெண்மணியிடமிருந்து முகத்தைத் திருப்பி அந்த இளைஞரைப் பார்த்தார். அந்த ஒரு திருப்பத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. "உங்கள் ஆள் ஜனநாயகக் கட்சியில் உறுப்பினரே அல்லர்" என்றார் இவர். "2016-இல் கட்சித் தலைமை வேட்பாளர் வாய்ப்பை எங்களிடமிருந்து திருடியது" என்றார் அவர். "2016-இல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரம்பை வெள்ளை மாளிகைக்கு அனுப்பியவர்கள் நீங்கள்" என்றார் இவர். பிறகு கை குலுக்காத கதை வந்தது. பிறகு அந்தத் தனி அறை வந்தது. பிறகு பாம்பு வந்தது. அந்த இளைஞர் அந்தச் சொல்லை என் மகளின் முகத்துக்கு நேரே சொன்னார். உடனே எங்கள் அணியிலிருந்து மேலும் நால்வர் பாய்ந்தார்கள், அங்கிருந்து அறுவர் வந்தார்கள், நடுவில் அந்த மூவரும் மேல்கோட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். அந்தப் பெண்மணி இரண்டாவது முறையும் கேட்டார், "இன்சுலின்?" என்று. நான் அவருக்கு நான்கடி தூரத்தில் நின்றேன். அவருடைய குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

நான் நடுவில் புகுந்து அவரைத் தனியே அழைத்துச் செல்ல முயன்றேன். எங்கள் அணியைச் சேர்ந்த ஒருவரே என்னைத் தடுத்து, "பொறுங்கள், இவனுக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது" என்றார். எவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்? சாண்டர்ஸ் அணி ஏற்கெனவே கோட்டைத் தாண்டிவிட்டது. விதிப்படி அவர்களில் ஒருவர்கூட இனி இடம் மாற முடியாது. அந்த இளைஞரை எங்கள் ஆட்கள் வாதத்தில் மண்ணைக் கவ்வ வைத்திருந்தாலும் அவருடைய தலை எங்கள் கணக்கில் ஏறியிருக்காது. இடம் மாறக்கூடியவர்கள் அந்தப் பெண்மணியும் பிள்ளைகளும்தான். வாக்கைத் தரக்கூடியவரை விட்டுவிட்டு, தரவே முடியாதவரிடம் பன்னிரண்டு நிமிடம் கத்தினார்கள்.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: அந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பிடமும் பதில் இருந்தது. கடந்த ஜூலையில் சர்க்கரை நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு டெட்ராய்ட்டிலிருந்து எல்லை தாண்டிக் கனடாவின் விண்ட்சருக்குப் போய், இங்கே விற்கும் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு அங்கே இன்சுலின் கிடைக்கிறது என்று நாட்டுக்கே காட்டியவர் சாண்டர்ஸ். சந்தை கைவிட்ட மருந்துகளை அரசே தயாரித்து மலிவாகத் தர வழிசெய்யும் மசோதாவை 2018 டிசம்பரில் செனட்டில் கொண்டுவந்தவர் வாரன். இந்த நாட்டின் அரசியலில் அந்தப் பெண்மணிக்குச் சொல்லத் தகுந்த பதில் வைத்திருந்த இரண்டு அணிகள் அவருக்கு இருபுறமும் நின்றன. இரண்டும் அவரைப் பார்க்கவில்லை. அந்த இளைஞர் விண்ட்சர் கதையைச் சொல்லி அவரைத் தம் அணிக்கு அழைத்துப் போயிருந்தால்கூட நான் வருந்தியிருக்க மாட்டேன். ஒரு மனிதரின் கேள்விக்கு ஒரு விடை கிடைத்திருக்கும்.

கூட்டத் தலைவர் நேரம் முடிந்தது என்று அறிவித்தபோது மருமகள் புட்டிஜெஜ் பலகைக்குக் கீழே போய் நின்றார். பெண்மணியும் மகனும் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். நாங்கள் 29 பேராகவே இருந்தோம், செல்லாத அணியானோம். எங்கள் ஆட்களில் சிலர் புட்டிஜெஜிடம் போனார்கள், இரண்டே இரண்டு பேர் சாண்டர்ஸிடம் போனார்கள். வாரனுக்கு அடுத்தபடியாக யாருடைய கொள்கை நெருக்கம் என்று கேட்டால் அந்த அறையில் பாதிப் பேர் சாண்டர்ஸ் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் பாம்பு என்று கேட்ட காதோடு யார் அந்தப் பலகைக்குக் கீழே போய் நிற்பார்கள்? ஒரே சொல்லால் அந்த இளைஞர் தம் வேட்பாளருக்குப் பத்துத் தலைகளையாவது இழக்க வைத்தார். அதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மிகுந்த நிறைவோடு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இவ்வளவும் எதற்காக? கட்சியின் தேசிய மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அயோவாவுக்கு இந்த முறை உரிய பிரதிநிதிகள் 41 பேர். நாடு முழுவதும் அப்படித் தேர்ந்தெடுக்கப்படுவோர் ஏறத்தாழ 4000 பேர். அந்த நூற்றில் ஒரு பங்குக்காக ஓராண்டாக எங்கள் கதவைத் தட்டினார்கள், உணவகங்களில் வந்து கைகொடுத்தார்கள், தொலைபேசியை ஓயவிடவில்லை. அந்த முடிவும் இதை எழுதும் செவ்வாய்க்கிழமை நண்பகல் வரை வரவில்லை. எண்ணிக்கையை அனுப்ப வைத்திருந்த செயலி சரியாக இயங்கவில்லையாம்; வார்டுத் தலைவர்கள் தொலைபேசியில் சொல்லக் காத்துக்கிடந்தார்களாம். வேட்பாளர்கள் எல்லோரும் நியூ ஹாம்ப்ஷயருக்குப் பறந்துவிட்டார்கள். 11-ஆம் தேதி அங்கே வாக்குப்பதிவு. அங்கேயும் ஒரு பெண்மணி ஏதாவது ஒரு மருந்தின் விலையைக் கேட்பார்.

2016 நவம்பரில் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களிலும் சேர்த்து 78,000-க்கும் குறைவான வாக்குகளில் இந்த நாட்டின் போக்கே மாறியது. 2008-லும் 2012-லும் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்த இதே அயோவா, 2016-இல் ஒன்பது புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் டிரம்புக்குப் போனது. அந்தக் கணக்கை நேற்று கூடத்தில் கத்திய ஒவ்வொருவரும் தலைகீழாக ஒப்பிப்பார்கள். அது தெரிந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போன அந்த இருவரின் பின்னால் ஓட வேண்டாமா? நவம்பரில் அவர்களிடம் மறுபடியும் வாக்குக் கேட்டுப் போகப் போவது இதே ஆட்கள்தானே?

கூடத்தில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தேர்வு அட்டை தந்திருந்தார்கள். என் மகள் தன் அட்டையின் முன்பக்கத்தில் வாரன் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தாள். இரண்டாவது தேர்வுக்கான பின்பக்கத்தை வெற்றாக விட்டு அப்படியே கொடுத்துவிட்டாள். நான் காரணம் கேட்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகு அவளே கேட்டாள்: "அம்மா, அந்த அம்மாவுக்கு மாதம் இன்சுலினுக்கு எவ்வளவு ஆகும்?" அந்தக் கூடத்தில் இருந்த 212 பேரில் அந்தக் கேள்வியை மறுபடி எழுப்பியது பதினேழு வயதுப் பெண் ஒருத்திதான்.

ஆகவே இன்று காலை பாம்பைப் பார்த்ததும் நான் திட்டி எழுதவில்லை. நடந்ததை முழுவதுமாக எழுதி, அந்தப் பெண்மணி யாங் அணியிலிருந்து வந்தவர் என்பதையும் சொல்லி, "அண்ணா, நீங்கள் அங்கே நின்றிருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. மிக நீண்ட பதில். வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 1000 டாலர் தருவதாகச் சொல்லும் யாங்கின் திட்டம் ஏன் உருப்படாது என்று விளக்கியிருந்தார்.