நாலடி ரீஃப் டேங்கை ரெண்டடிக்கு இறக்கணுமா? மணலை விட்டுட்டு வாங்க

கோரலும் (பவளம்) கடல் மீனும் வளர்க்கும் பெரிய ரீஃப் டேங்கைக் கலைத்துச் சின்னதுக்கு மாறுகிறவர்கள் முதலில் கேட்பது, "பழைய தண்ணீர் எத்தனை லிட்டர் எடுத்துக்கணும்?" என்பதுதான். என்னைக் கேட்டால் தண்ணீர் கடைசிக் கவலை. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. நுண்ணுயிர் குடியேறிய பாறையான லைவ் ராக்கிலும், சம்ப்பில் (டேங்குக்குக் கீழே இருக்கும் ஃபில்டர் தொட்டி) இருக்கும் மீடியாவிலும் (ஃபில்டர் கற்கள்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராக் காயாமல் வந்து சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. கூட வரவே கூடாதது பழைய மணல்.

பல வருஷம் கிளறாத மணலில் மேலாக ஒரு விரற்கடை வரைதான் ஆக்சிஜன் இருக்கும். அதற்குக் கீழே மீன் கழிவும் தீனி மிச்சமும் மக்கிக் கிடக்கும். கண்ணாடி ஓரமாகப் பார்த்தால் கறுப்புப் பட்டை தெரியும். அதைக் கலக்கினால் அழுகின முட்டை நாற்றம் வரும், அது ஹைட்ரஜன் சல்பைடு. கூடவே அம்மோனியாவும் கிளம்பும். கடல் தண்ணீரின் பிஹெச் 8.2 பக்கம் இருப்பதால் அந்த அம்மோனியாவில் விஷமான பங்கு சாதாரண மீன் தொட்டியில் இருப்பதைவிட அதிகம். 250 லிட்டர் பெரிய டேங்கில் சேர்ந்த அழுக்கை 100 லிட்டர் சின்ன டேங்கில் கொட்டினால் மறுநாள் காலையில் மீன் மிதக்கும். "நல்லா கழுவிப் போட்டா?" என்பார்கள். பளிச்சென்று ஆகும்வரை குழாய்த் தண்ணீரில் அலசினால் அதில் உயிர் பெரிதாக மிஞ்சாது. அப்புறம் அதற்கும் புது மணலுக்கும் என்ன வித்தியாசம்? 60×45 செ.மீ. அடிப்பரப்புக்கு இரண்டரை செ.மீ. உயரம் போட 10 கிலோ அரகோனைட் (ரீஃப் டேங்குக்கான சுண்ணாம்பு மணல்) போதும். மனசு கேட்கவில்லை என்றால் பழைய மணலின் மேலாக ஒரு டம்ளர் வழித்துப் போடுங்கள்.

புது டேங்கில் ஒரு நாள் முழுக்க நல்ல தண்ணீர் விட்டுக் கசிவு பாருங்கள். 60×45×45 டேங்க் கணக்குக்கு 121 லிட்டர். ராக், மணல் போக 100 நிற்கும். பாதி பழையது, பாதி புதுசு. ஆனால் புது உப்புத் தண்ணீரை 70 லிட்டராகக் கலக்கி வையுங்கள், எதிர்பாராமல் கொட்டும். ஆர்ஓ டிஐ (உப்பு, கசடு எல்லாம் நீக்கிய) தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 37 கிராம் கடல் உப்பு, அதாவது இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். முந்தின நாளே கலக்கி, பவர்ஹெட்டும் (தண்ணீரைச் சுழற்றும் பம்ப்) ஹீட்டரும் போட்டு, மறுநாள் உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), சூடு 25–26 டிகிரி இரண்டும் பழைய டேங்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும்.

மாற்றுகிற அன்றைக்கு முதல் வேலை ஹீட்டரை அணைப்பது. தண்ணீர் இறங்கி ஹீட்டர் வெளியே நின்றால் வெடிக்கும். அடுத்து, தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே மேலாக உறிஞ்சி மூடி போட்ட பக்கெட்டுகளில் நிரப்புங்கள். கோரல் முதலில், ராக் பிறகு, மீன் கடைசியில். ராக் இருக்கும்வரை வலையோடு மீனைத் துரத்துவது வீண். ராக் போய்த் தண்ணீர் நன்றாக இறங்கினால் தானாகவே மாட்டும். ஒவ்வொரு ராக்கையும் பழைய தண்ணீரில் நன்றாக உதறி அழுக்கை விட்டுவிட்டு, தண்ணீர்க்குள்ளேயே வையுங்கள். ராக்கில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் (கடற்பஞ்சு) காற்றுப் பட்டால் செத்து அழுகும். லெதர் கோரல் கோழை கக்கும், அதற்குத் தனிப் பக்கெட். அனிமோனை (கடல் சாமந்தி) இழுக்காதீர்கள், ராக்கோடு தூக்குங்கள். சொவாந்திட், பாலிதோவா என்ற பட்டன் போன்ற கோரல்கள் ஒட்டிய ராக்கைத் தொடும்போது கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், அவற்றில் இருக்கக்கூடிய பாலிடாக்ஸின் விஷம் விளையாட்டில்லை. மீன் பக்கெட்டில் பேட்டரி ஏர் பம்ப் ஓடணும். நம்ம ஊர் வெயிலில் சூடு 29-ஐத் தாண்டினால் ஐஸ் பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள். கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் ஓடாமல் நின்றிருந்தால் அதிலிருக்கும் தண்ணீரைக் கொட்டாமல் ஆன் பண்ணாதீர்கள்.

டேங் (சர்ஜன்) மீன்களுக்கு ரெண்டடி டேங்க் சிறை. மாற்றுவதற்கு முன்னாலேயே பெரிய டேங்க் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். மாண்டரின் மீனும் அப்படித்தான், சின்ன டேங்கில் அது தின்னும் கோப்பிபாட் என்ற பொடி உயிரிகள் தீர்ந்து பட்டினி கிடக்கும். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி மீன் போதும்.

மாற்றிய பிறகு முதல் இரண்டு நாள் தீனி வேண்டாம். ஒரு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட், ஃபில்டரில் கார்பன் ஓடட்டும். லைட்டைப் பாதியாகக் குறைத்து வாராவாரம் கொஞ்சம் ஏற்றுங்கள். பழுப்புப் பாசி வந்தால் பதறி மருந்து ஊற்ற வேண்டாம், புது மணலில் அது வரும், போகும்.

சின்ன டேங்கின் உண்மையான தொல்லை அதற்கப்புறம்தான். 250 லிட்டரில் 2 லிட்டர் ஆவியானால் உப்பு 35.3, 100 லிட்டரில் 35.7. அதனால் ஏடிஓ வேண்டும், அதாவது ஆவியான அளவுக்குக் கேனிலிருந்து நல்ல தண்ணீரைத் தானாக விடும் கருவி. ஆனால் அதன் கேன் பெரிதாக இருக்கக் கூடாது. ஃப்ளோட் (தண்ணீர் மட்டம் பார்க்கும் மிதவை) மாட்டிக்கொண்டு 20 லிட்டரும் இறங்கினால் உப்பு 29-க்கு வந்துவிடும். 5 லிட்டர் கேன் போதும்.

கோரல் உறிஞ்சும் தாதுக்களை ஈடுகட்டத் தினமும் திரவம் ஊற்றும் டோசிங்கில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். எல்லாக் கோரலும் கூட வந்தால் தினசரி எம்எல் குறையாது, தின்கிற வாய்கள் அதேதான். ஆனால் பெரிய டேங்கில் நாளுக்கு 1 டிகேஹெச் (காரத்தன்மையின் அளவு) இறங்கினது சின்னதில் இரண்டரை இறங்கும். அதே எம்எல்லைக் காலையில் ஒரே மூச்சில் ஊற்றினால் அதே அளவு எகிறும், எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் கொண்ட கெட்டிக் கோரல்) நுனி கருகும். டோசிங் பம்ப்பில் எட்டாகப் பிரித்துப் போடுங்கள். கோரலில் பாதியைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் எம்எல்லையும் பாதியில் ஆரம்பித்து, தினமும் ஒரே நேரத்தில் டிகேஹெச் பார்த்துத் திருத்துங்கள்.