ஃபாஸ்டிங் 98 வந்துவிட்டது, இனிக் குளிசையை விடலாமா?

கொழும்பில் வெள்ளவத்தைக் கடற்கரையிலும் சுதந்திர சதுக்கத்திலும் விடியற்காலை நடக்கிற கூட்டத்தில் சலரோகக்காரர்களின் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும் (ஃபாஸ்டிங் என்பது வெறும் வயிற்றில் எடுக்கிற இரத்தச் சீனி அளவு, மி.கி./டெ.லீ. கணக்கில்). "நாலு மாசமா நடக்கிறன், ராவில சோறு இல்லை, ஃபாஸ்டிங் 98. இனி எதுக்கு மெட்போர்மின்?" கேட்கிறவர் பெரும்பாலும் நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறார்.

டைப் 2 சலரோகம் உள்ள சிலருக்குக் குளிசையை விட முடியும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 98 அதற்கு அத்தாட்சி இல்லை. இரவில் ஈரல் இரத்தத்துக்குள் சீனியை விடுவதைக் குறைப்பதுதான் மெட்போர்மினின் முக்கிய வேலை. ஆகவே வெறும் வயிற்று அளவு நன்றாக இருப்பதற்கு அந்தக் குளிசையே காரணமாக இருக்கலாம். போதாததற்கு, கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னிருந்து வாயைக் கட்டுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. உண்மை தெரிய வேண்டுமென்றால் மத்தியானம் வழக்கமாகச் சாப்பிடுகிற சோற்றையே சாப்பிட்டு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணித்தியாலம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். காலையில் 98 காட்டுகிற ஆளுக்கு அங்கே 210 நிற்பது அதிசயமே இல்லை.

எச்.பி.ஏ.வன்.சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைச் சதவீதத்தில் காட்டுகிற இரத்தப் பரிசோதனை, அதன் கணக்கும் இப்படித்தான். முழு அளவு மெட்போர்மின் அதைச் சுமார் 1 புள்ளி குறைக்கும். குளிசையோடு 6.4 என்றால், குளிசை இல்லாமல் 7.4 பக்கம் போகலாம் என்று வைத்துத்தான் யோசிக்க வேண்டும். 5.7, 5.8 என்று நிற்பவருக்கு விட்டுப் பார்க்க இடமிருக்கிறது. நிபுணர் அமைப்புகள் 2021இல் சேர்ந்து சொன்ன வரையறையும் இதுவே: சீனிக்கான மருந்து எல்லாவற்றையும் நிறுத்திக் குறைந்தது 3 மாதம் ஆன பிறகும் 6.5க்குக் கீழே இருந்தால்தான் அது தணிவு நிலை. 'சுகமாகிவிட்டது' என்ற சொல்லை அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள்.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? நோய் தெரிந்து அதிக காலமாகாத, நிறை நன்றாகக் குறைந்த ஆளுக்கு. பிரித்தானியாவில் நடந்த 'டைரெக்ட்' ஆய்வில் 6 வருடத்துக்குள் நோய் கண்டுபிடிக்கப்பட்ட, இன்சுலின் போடாதவர்களையே எடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதத்தினருக்குத் தணிவு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருடம் மொத்தத் தணிவு 46இலிருந்து 36 சதவீதத்துக்கு இறங்கியது, ஏனென்றால் நிறை திரும்பியது. நடை நல்லதுதான், ஆனால் நிறை அசையாமல் நடந்துகொண்டே இருப்பவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. இன்னொன்று, முயற்சி செய்யாமலே இளைத்து, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அது சீனி கூடியதால் வந்த இளைப்பாக இருக்கலாம். அவர் விடுவதைப் பற்றி யோசிக்காமல் உடனே டொக்டரிடம் போக வேண்டும். டைப் 1 காரர் இன்சுலினை ஒருபோதும் விடக்கூடாது.

இனிப் பாமசிக் கவர்களை மேசையில் கொட்டுங்கள். மக்கள் பிழை விடுகிற இடம் இதுதான்: எல்லாம் 'சீனிக் குளிசை' என்று ஒரே கணக்கில் வைத்து ஒரே நாளில் நிறுத்துகிறார்கள். கவரில் கிளிக்லசைட் என்று இருந்தால் முதலில் பேச வேண்டியது அதைப் பற்றி. நீங்கள் சோற்றைக் குறைத்தாலும் அது இன்சுலினைப் பிழிந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டைப் பாதியாக்கிவிட்டு அதைப் பழைய அளவில் போடுகிறவர்தான் நடைபாதையில் வேர்த்து, கை நடுங்கி உட்காருவார். 70க்குக் கீழே என்றால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். சொக்லேட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சீனி ஏறத் தாமதிக்கும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் சில மணித்தியாலத்தில் மறுபடி இறங்கலாம். ஏறிவிட்டதே என்று வீட்டில் படுக்க வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இன்சுலின் போடுகிறவருக்கும் இதே ஆபத்து உண்டு.

சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றுகிற எம்பாகிளிஃப்ளோசின் இருந்தால் எதற்காக எழுதினார்கள் என்று கேளுங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ என்றால் சீனி நன்றாக இருப்பது அதை விடக் காரணமில்லை. கொலஸ்ட்ரோலுக்கான அட்டோர்வஸ்டட்டினும் பிரஷருக்கான லொசார்டனும் சீனிக் குளிசையே இல்லை. அவற்றையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறவர்களை என்ன சொல்ல!

மெட்போர்மின் பெரும்பாலும் கடைசியாகப் போக வேண்டியது. டொக்டரிடம் "விடலாமா?" என்று மட்டும் கேட்டால் "வேண்டாம்" என்பதோடு முடிந்துவிடும். எதை முதலில் குறைப்பது, எத்தனை வாரத்துக்கு ஒரு படி, எந்த அளவு வந்தால் திரும்பத் தொடங்குவது என்று மூன்றையும் கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதுவியுங்கள். காலை 500, இரவு 500 என்றிருந்தால் ஒரு நேரத்தை மட்டும் விட்டு நான்கு வாரம் பார்க்கலாம். அந்த நான்கு வாரமும் கிழமைக்கு மூன்று நாள், வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று. வெறும் வயிற்றில் 126, சாப்பிட்ட பின் 180 என்ற எல்லைகளைத் திரும்பத் திரும்பத் தாண்டினால் பழைய அளவுக்குப் போக வேண்டியதுதான். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. முழுதாக விட்ட நாளைக் குறித்து வைத்து, அதிலிருந்து 3 மாதம் கழித்துத்தான் எச்.பி.ஏ.வன்.சி. முந்தி எடுத்தால் குளிசை போட்ட நாட்களும் அதில் கலந்திருக்கும். இரத்தசோகையோ தலசீமியாவோ இருந்தால், அண்மையில் இரத்தம் கொடுத்திருந்தால் அந்த அளவை அப்படியே நம்பக் கூடாது.

குளிசையை விட்டுப் பார்க்கிற இந்தக் காலத்தில் கொத்தலஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீரையும் தொடங்காதீர்கள். அந்த மூலிகை மாச்சத்துச் செரிப்பதை மந்தப்படுத்தக்கூடியது. அளவு நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது. கால் றாத்தல் பாணும் பருப்பும் காலையில் தின்றால் பாணிலேயே 50 கிராமுக்கு மேல் மாச்சத்து. ஆகவே எதைச் சாப்பிட்ட நாளில் எந்த அளவு என்றும் பக்கத்தில் எழுதுங்கள்.

விட்டு ஆறு மாதம் நன்றாகப் போகும். பிறகு ஒரு காய்ச்சல் வரும், அல்லது வீசிங்குக்குச் சீனியை ஏற்றுகிற ஸ்டீரொயிட் மருந்தான பிரெட்னிசொலோன் எழுதுவார்கள், சீனி 250ஐத் தாண்டும். முன்பு சலரோகம் இருந்தது என்று அந்த டொக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் பலர். கொப்பியை எறியாதீர்கள். வருடத்துக்கொரு முறை எச்.பி.ஏ.வன்.சி, கண்ணின் உட்புறம், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், பாதம் எல்லாம் குளிசை இல்லாதவருக்கும் பார்க்கத்தான் வேண்டும்.