மன உறுதி மட்டும் போதுமா?

மன உறுதி இருந்தால் யாரும் குடியை விட்டுவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, திருநெல்வேலி மாவட்டத்தில் எங்கள் முக்கூடல் பக்கம் வந்து பாருங்கள். பொஞ்சாதி பீடி சுற்றிச் சேர்த்து, சுளகுக்கு அடியில் வைத்த காசை எடுத்துக்கொண்டு, பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்குமுன்னே போய் நிற்கிறவனுக்குத் தீக்குச்சி உரசக்கூட முடியாமல் கை நடுங்குகிறது, அது திமிரா? பல வருஷம் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிரே போகலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆனால் ஊர் பைத்தியம் என்றுவிடுமே என்று பயந்து கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் (கட்டட்டும், வைத்தியமும் பார்க்கட்டும்). 2003-லிருந்து மதுச் சில்லறை விற்பனையை அரசே நடத்துகிறது. கல்யாண வீட்டில் ஊற்றிக்கொடுக்கிற அதே மச்சான்தான், அப்புறம் குடித்தவன் மகளுக்கு வரன் வந்தால் குடிகாரன் வீடு என்று கலைத்துவிடுகிறான்.