தார் விளிம்பு

அக்கா மகளுக்குப் பள்ளியில் விலையில்லா சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு மாதம் ஓட்டினாள். இப்போது அது கொல்லையில் நிற்கிறது, கேரியரில் அக்காவின் வற்றல் முறம் காய்கிறது. பள்ளி நாலு கிலோமீட்டர்தான். ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். "பின்னாடி பஸ் ஆரன் அடிச்சா கீழ இறங்கணும் மாமா. இறங்குனா பள்ளம். விழுந்தா பஸ் பக்கந்தான் விழுவேன்" என்றாள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு சாலை உயர்ந்துவிட்டது. பக்கத்து மண் இருந்த இடத்திலேயே இருக்கிறது. விளிம்பில் ஒரு சாண் இறக்கம். நாலு லாரி கிராவல் கொட்டி நிரவியிருந்தால் தீர்ந்தது. கார் ஓட்டுகிறவர் கண்ணில் இந்த விளிம்பு படவே படாது. சைக்கிளில் போகிறவளுக்குக் கிடைப்பதே அந்த ஒன்றரை அடிதான். அதிலும் மணல், பாட்டில் சில்லு, நிறுத்தி வைத்த லோடு ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக்.

எங்களுடையது புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்த மாவட்டம். என் அம்மா அப்போது பழகியவர்தான். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் என் தம்பி என்று போவார். ஊர் சிரிக்குமே என்பதுதான் அன்று அவருக்கிருந்த பயம். பேத்தியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு பஸ்ஸைக் கண்டுதான் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அந்தக் காலத்தில் சட்டத்தின் கண்ணில் சைக்கிளாவது பட்டது, பிடிப்பதற்காக என்றாலும். டபுள்ஸ் போனால் நிறுத்துவார்கள், ராத்திரி லைட் இல்லையென்றால் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டமோ பெயருக்கேற்றபடி எஞ்சின் உள்ளதைப் பற்றித்தான் அதிகம் பேசியது. 2019 திருத்தத்தில்தான் 138(1ஏ) என்ற பிரிவு வந்தது. சைக்கிள் போன்ற எஞ்சின் இல்லாத வண்டிகளுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் மாநில அரசு விதி வகுக்கலாம் என்கிறது. அதே திருத்தத்தில் வந்த 210டி, தேசிய நெடுஞ்சாலை தவிர்த்த சாலைகளை எப்படி அமைப்பது, பராமரிப்பது என்பதற்கும் மாநிலமே விதி எழுதலாம் என்கிறது. 'லாம்' என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று தெரியுமே. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் போட்ட வழக்கில், 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த இரண்டுக்கும் ஆறு மாதத்தில் விதி வகுக்கச் சொன்னது. எலும்பு ஒட்டுகிற மருத்துவர் சாலைக்காக நீதிமன்றம் போனார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

சைக்கிள் பாதை என்றதும் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிடுவார்கள். சாயங்காலமே அது பார்க்கிங் ஆகிவிடும். டவுனுக்குள் பாதை என்றால் அதற்கும் சாலைக்கும் நடுவே கல் கட்டை வேண்டும், கார் ஏற முடியாத உயரத்தில். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒரு கொள்கை வகுத்தது. அதில் நடைபாதைக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட சைக்கிளுக்குக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

எங்கள் ஊர்ச் சாலைக்குக் கட்டையெல்லாம் வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் பாதி பயம் போய்விடும். வேகம் 30லிருந்து 60 ஆனால் மோதலின் வலு நாலு மடங்கு. இது பள்ளிக்கூட இயற்பியல், எந்தப் பஸ்ஸுக்கும் விலக்கு கிடையாது.

சாலையில் இடமில்லை என்பார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் முப்பது கார் நிற்க எப்படி இடம் வருகிறது? சைக்கிள்காரர்களும் ஒழுங்கில்லை என்பார்கள். சரி, அது உண்மைதான். அக்கா மகளின் சைக்கிளிலும் பின்பக்கம் சிவப்பு ரிஃப்ளெக்டர் உடைந்துதான் இருந்தது. வாங்கி மாட்டிவிட்டேன். ஆனால் பள்ளத்தை நான் நிரவிவிட முடியாதே.

அடுத்த கிராமசபையில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். தார் விளிம்பில் மண் நிரவ வேண்டும், பள்ளிக்கு முன்னும் பின்னும் வேகத்தடையும் 30 கிலோமீட்டர் பலகையும் வேண்டும், காலையும் மாலையும் பள்ளி நேரத்தில் ஓரத்தில் லோடு வண்டி நிற்கக் கூடாது. சாலை ஊராட்சியுடையது இல்லை, மேலே அனுப்ப வேண்டும் என்று தலைவர் சொல்வார். அனுப்பட்டும். உங்கள் ஊரில் யாராவது இப்படித் தீர்மானம் போட்டிருந்தால் அதை போட்டோ எடுத்து அனுப்புங்கள், வாசகம் எழுத உதவும்.