இன்றைக்குப் பயம் எத்தனை அடி?

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றாலே எனக்கு அடிவயிறு கலங்கும். சரக்கு ரயில் ஹாரன் அடித்ததும் என் மகன் காதைப் பொத்திக்கொண்டு சீட்டுக்கு அடியில் போய்விடுவான். 11 வயது, ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு) உள்ள பிள்ளை. "வளர்ந்த பிள்ளைக்கு என்ன அடம்? ரெண்டு போடு, சரியாயிடும்" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை.

அது பயம்ங்க. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 100க்குச் சுமார் 40 பேருக்குப் பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாமோ "ஆட்டிசம்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

கும்பகோணத்தில் ஒரு உளவியலாளரிடம் போனோம். "பயம் பத்துக்கு எவ்வளவு?" என்றால் இவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தினமும் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்க்காமல் இவன் பல்கூடத் தேய்க்க மாட்டான். அதைக் கேட்டுக்கொண்ட அந்த அம்மா ஒரு தாளில் அணையை வரைந்து, அணை நிறைகிற 120 அடி வரை கோடு போட்டார். "கேட்ல ஹாரன் அடிச்சா எத்தனை அடி?" "நூத்திப் பதினெட்டு." யோசிக்கவே இல்லை. அவன் மனசுக்குள் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் செல்போனில் ஹாரன் சத்தம், மிக மெதுவாக. அடி இறங்கினால்தான் அடுத்த படி. கேட்டுக்குத் தூரத்தில் காதில் ஹெட்போனோடு நின்றோம். பிறகு கொஞ்சம் கிட்டே. வீட்டில் பழக்கியது நானும் அவன் அப்பாவும்தான். சிபிடி என்கிற, எண்ணத்தையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் சிகிச்சையைப் பிள்ளைக்குத் தக்கபடி மாற்றிச் செய்வது இது. அமெரிக்காவில் 7 முதல் 13 வயது வரையுள்ள 167 பிள்ளைகளிடம் செய்து 2020இல் வெளியான ஆய்விலும், வழக்கமான சிபிடியைவிட இப்படி மாற்றியதுதான் கூடுதலாகப் பலன் தந்தது. பயம் தெளியட்டும் என்று திருவிழாவில் வேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போய் நிறுத்துகிறோமே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

ஒன்று மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் நன்றாகப் பேசுகிற பிள்ளைகளை வைத்துத்தான் நடந்திருக்கின்றன. என் தங்கை மகளுக்குப் பேச்சு வராது. பயம் வந்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். அவளிடம் எத்தனை அடி என்று யார், எப்படிக் கேட்பது?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கிவிட்டோம். சிகிச்சைக்கு மட்டும் மன்னார்குடியிலிருந்து கும்பகோணம் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே, தமிழிலேயே, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இது கிடைக்க வேண்டும். பயத்துக்கு வைத்தியம் பார்க்க நாங்கள் ஒவ்வொரு வாரமும் அதே கேட்டைத்தான் தாண்டிப் போகிறோம்.